பாட்டிக்கு ஐந்து வேளை மாத்திரை, பேரனுக்கு ஒன்றுமில்லை: இரண்டும் வைரஸ்தானே டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 67 வயது. நான்கு நாளைக்கு முன் இடுப்பில் வலது பக்கம் வரிசையாகக் கொப்புளம் வந்தது. அக்கி என்று சொல்லி, மறுநாளே தினம் ஐந்து வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான் திரும்பி வந்திருக்கிறதாம். அம்மாவுக்கு ஏழு வயதில் அம்மை வந்தது. "அறுபது வருஷமா இல்லாதது இப்ப எங்கிருந்து வரும்? வைரஸுக்குத்தான் மருந்தே இல்லையாமே, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று கேட்கிறார். அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் என் மகன். மூன்று வயது. இரண்டு மாதத்தில் மூன்று முறை சளி, காய்ச்சல். ஒவ்வொரு முறையும் "வைரல், தானாகப் போய்விடும்" என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். என் தோழி தன் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாள், மூன்றே நாளில் சரியாகிவிட்டது. என் மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? இந்த வைரஸ் என்பது உயிரா, உயிரில்லாததா? அவன் பாட்டியோடுதான் தூங்குவான். இரண்டு நாளாகத் தனியாகப் படுக்க வைத்திருக்கிறேன், அழுகிறான். அவனுக்குச் சின்னம்மை தடுப்பூசி போடவில்லை. எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா மாத்திரையை நிறுத்தக் கூடாது. அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தை, கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும், நீங்கள் மறுநாளே ஆரம்பித்துவிட்டீர்கள், அதை இப்போது பாதியில் விட்டுவிடாதீர்கள். ஐந்து வேளை என்பது தொல்லைதான். அந்த மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, அதனால்தான் அத்தனை வேளை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அம்மாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். இன்னொன்று: நெற்றியிலோ கண் பக்கமோ மூக்கு நுனியிலோ ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்தது உங்கள் மகன். பாட்டியிடமிருந்து அவனுக்கு அக்கி வராது. ஆனால் சின்னம்மை வரலாம். கொப்புளத்துக்குள் இருக்கும் நீரில் அந்த வைரஸ் இருக்கிறது, அம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவர் மேல் அது பட்டால் அவருக்கு அம்மையாகத்தான் வரும். முதல் இரண்டு நாள் அவன் பாட்டியோடு படுத்திருக்கிறான் என்பதால், இதைப் படித்ததும் அவனுடைய குழந்தை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வைரஸ் பட்டு மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ, வந்தாலும் லேசாக்கவோ முடியும். அதற்கான நாள் உங்களுக்கு இன்னும் கையில் இருக்கிறது. அப்படியே வந்தாலும் 10 முதல் 21 நாளுக்குள் வரும், அதுவரை உடம்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்து, அவருக்குச் சின்னம்மை வந்ததாக நினைவில்லை என்றால், அவரும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு இந்தத் தடுப்பூசி போட முடியாது, வேறு வழியில்தான் பாதுகாப்பார்கள்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி. ஒரே வீட்டில் ஒரு வைரஸுக்கு ஐந்து வேளை மாத்திரை, இன்னொரு வைரஸுக்கு மருந்தே இல்லை என்பது எப்படி? இதை நீங்கள் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "வைரல்" என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் பெரிய குறை, கவலையோடு வந்த தாய்க்கு அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் வைரஸ் என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு விஷம் என்று பொருள். 1892இல் இவானோவ்ஸ்கி என்ற ரஷ்யர், நோய்ப்பட்ட புகையிலை இலையின் சாற்றை பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்துளைப் பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடிந்து வந்த சாறு அப்போதும் ஆரோக்கியமான செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898இல் நெதர்லாந்தின் பெய்யரிங்க் அதே சோதனையைச் செய்துவிட்டு, இது வெறும் விஷம் இல்லை, செடிக்குள் போனதும் பெருகுகிறது, ஆனால் செடிக்கு வெளியே என்ன செய்தாலும் வளரவில்லை என்று கண்டுகொண்டார். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அப்புறம் 1935இல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் அதே புகையிலை வைரஸை உப்பு மாதிரி படிகமாக்கிக் காட்டினார். படிகமாகக் கிடக்கும் அதைக் கரைத்து இலையில் தேய்த்தால் மறுபடி நோய் வந்தது. உயிருள்ள எது இப்படி வைத்த இடத்தில் படிகமாகக் கிடக்கும்? அன்றைக்கு ஆரம்பித்த "உயிரா, இல்லையா" விவாதம் இன்னும் முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ் உயிரில்லாத பொருள்தான். மரபணு இழை ஒன்று, டிஎன்ஏவாகவோ ஆர்என்ஏவாகவோ. அதைச் சுற்றி ஒரு புரத உறை. சில வைரஸ்களுக்கு அதற்கும் மேலே ஒரு கொழுப்புப் போர்வை (சோப்பு போட்டால் கரைவது இந்தப் போர்வைதான், போர்வை கலைந்தால் அந்த வைரஸால் எதுவும் செய்ய முடியாது). அவ்வளவுதான். அது எதையும் தின்பதில்லை, மூச்சு விடுவதில்லை, வளர்வதில்லை. உங்கள் மகனுக்குச் சளி பிடிக்க வைத்திருக்கக்கூடிய ரைனோ வைரஸ் ஏறக்குறைய 30 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 30,000க்கும் மேல் வரிசையாக நிற்கும். அவ்வளவு சின்ன இடத்தில் புரதம் செய்யும் கருவியையோ, சக்தி உண்டாக்கும் கருவியையோ வைக்க இடம் ஏது?

ஆனால் அதே துகள் சரியான செல் ஒன்றுக்குள் போய்விட்டால் கதையே வேறு. குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காக்கை அதைத் தன் முட்டை என்று நினைத்து அடைகாக்கும் என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்பீர்கள். வைரஸும் அப்படித்தான். சின்னம்மை வைரஸிடம் இருப்பது ஏறக்குறைய 70 மரபணுக்கள், நம்மிடம் சுமார் 20,000. அந்தச் சொற்ப மரபணுக்களை நம் செல்லுக்குள் போடுகிறது, செல் அதைத் தன்னுடைய மரபணு என்று நம்பிப் படித்து, தன்னுடைய கருவிகளால், தன்னுடைய மூலப்பொருளால், தன்னுடைய சக்தியைச் செலவழித்து, வைரஸ் புரதங்களை உண்டாக்குகிறது. குயில் குஞ்சுக்காவது தனியாக ஒரு உயிர் உண்டு, வைரஸுக்கு அதுவும் கிடையாது. அதன் உயிர் என்று ஒன்று இருந்தால் அது நம் செல்லின் உயிர்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை, ஆய்வகத்தில் கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது. செல் வளர்க்கும் குடுவையின் அடியில் செல்கள் ஒரே அடுக்காக ஒட்டிப் பரவியிருக்கும், தரையில் ஓடு பதித்த மாதிரி, விளிம்போடு விளிம்பு சேர்ந்து. அதில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் இருக்கும் ஒரு துளியை விட்டோம், இது சின்னம்மை வைரஸுக்கு ஒன்றுவிட்ட உறவு. அன்று சாயங்காலம் பார்த்தால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், அங்கங்கே திட்டுத் திட்டாக ஓடு பெயர்ந்த மாதிரி இருந்தது, அந்தத் திட்டின் விளிம்பில் இருந்த செல்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டு, பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு, ஒன்றிரண்டு மிதக்கவே ஆரம்பித்திருந்தன. அதற்கும் மறுநாள் தரை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அந்தக் குடுவையில் வைரஸை மட்டும் விட்டிருந்தால் எத்தனை நாள் ஆனாலும் ஒன்றும் நடந்திருக்காது. அத்தனை அழிவுக்கும் வேலை செய்தது அந்தச் செல்களேதான். உங்கள் அம்மாவின் இடுப்பில் இருக்கும் ஒவ்வொரு கொப்புளத்துக்கு அடியிலும் இதே காட்சிதான் நடக்கிறது.

இப்போது ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது என்பது தானாகப் புரியும். பாக்டீரியா தனி உயிர், தனக்கென்று சுவர், தனக்கென்று புரதக் கருவி எல்லாம் வைத்திருக்கிறது. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்ட விடாமல் கெடுக்கும். நம் செல்லுக்கு அப்படிச் சுவரே கிடையாது என்பதால் நமக்குக் கெடுதல் இல்லை. வேறு சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் புரதக் கருவியை முடக்கும், அது நம்முடையதிலிருந்து வேறுபட்ட அமைப்பு. வைரஸிடம் சுவரும் இல்லை, கருவியும் இல்லை. அது பயன்படுத்துவது நம் கருவியை. அதை அடித்தால் அடி நமக்குத்தான் விழும். குயில் முட்டைக்குக் கோபப்பட்டுக் காக்கைக் கூட்டைக் கொளுத்த முடியாதல்லவா?

அப்படியானால் அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது? எனக்கு மருத்துவத்தில் ரொம்பப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. சில வைரஸ்கள் எல்லாவற்றையும் நம்மிடம் இரவல் வாங்குவதில்லை, ஒன்றிரண்டு கருவிகளைத் தாங்களே கொண்டுவருகின்றன. சின்னம்மை வைரஸ் அப்படி ஒரு நொதியை, அதாவது வேதி மாற்றத்தை முடுக்கிவிடும் ஒரு புரதத்தை, சொந்தமாக வைத்திருக்கிறது. அக்கிக்குத் தினம் ஐந்து வேளை என்று எழுதுவது அசைக்ளோவிர்தான். அது விழுங்கும்போது செயலற்ற பொருள், நம் ஆரோக்கியமான செல்லுக்குள் போனாலும் சும்மாவே இருக்கும். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால் மட்டும், வைரஸின் அந்தச் சொந்த நொதி அதைத் தொட்டு முடுக்கிவிடும், முடுக்கிய மருந்து வைரஸின் புது டிஎன்ஏ இழைக்குள் புகுந்து அதை மேற்கொண்டு நீள விடாமல் நிறுத்திவிடும். வைரஸ் தன் கையாலேயே தனக்கு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஜெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக் குழு கொண்டுவந்த மருந்து இது, அவருக்கு 1988இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, வைரஸுக்கு மருந்தே இல்லை என்பது தவறு. எந்த வைரஸ் தனக்கென்று ஏதாவது கருவி கொண்டுவருகிறதோ, அந்தக் கருவியை நாம் கண்டுபிடித்திருக்கிறோமோ, அங்கே மருந்து உண்டு. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதியைக் கூடவே எடுத்துவருகிறது, எச்ஐவி மருந்துகளில் பல அந்த நொதியைத்தான் குறிவைக்கின்றன. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் நோய் இன்றைக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்கு முழுதாகவே குணமாகிறது, நான் படித்த காலத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்ஃபுளூயன்சாவுக்கும் (ஃபுளூ காய்ச்சல்) மருந்து உண்டு, சீக்கிரமாக, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். சாதாரணச் சளிக்கு மட்டும் இதுவரை அப்படி ஒன்று கைக்கு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் சளி என்பது ஒரு வைரஸே இல்லை. ரைனோ வைரஸில் மட்டும் 160க்கு மேல் வகைகள், அது போதாதென்று அடினோ வைரஸ், ஆர்எஸ்வி, சாதாரண கொரோனா வகைகள் என்று பெரிய கூட்டமே உண்டு. இன்னொரு காரணம், மூக்கு ஒழுக ஆரம்பிக்கும்போதே வைரஸ் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், "அறுபது வருஷமா இல்லாதது". அது இல்லாமல் இருக்கவில்லை அம்மா என்று அவரிடம் சொல்லுங்கள். ஏழு வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது, தோலில் இருந்த வைரஸில் கொஞ்சம் நரம்பின் நுனி வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தோல் செல் சில வாரத்தில் உதிர்ந்துவிடும், நரம்பு செல் நம் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே அது முழு வைரஸ் துகளாக உட்கார்ந்திருப்பதில்லை, தன் டிஎன்ஏவை வளையமாகச் சுருட்டி நரம்பு செல்லின் உட்கருவில் வைத்துவிட்டு, புரதம் ஏதும் பெரிதாக உண்டாக்காமல் கிடக்கிறது. உயிரில்லாதது எப்படி அறுபது வருடம் இருந்தது என்று யோசிக்க வேண்டாம், அது உங்கள் அம்மாவின் உயிரில் இருந்தது. மருந்தாலும் அதை அங்கே தொட முடியாது, ஏனென்றால் பெருகும் வைரஸைத்தான் அசைக்ளோவிர் நிறுத்தும், தூங்கும் வைரஸிடம் அதற்கு வேலை இல்லை. அதைத் தூங்க வைத்திருந்தது அம்மாவின் சொந்த நோய் எதிர்ப்பு செல்கள். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் அந்தக் காவல் மெல்லத் தளரும். அப்போது ஒரே ஒரு முடிச்சில் வைரஸ் விழித்துக்கொண்டு, போன வழியே நரம்பில் இறங்கித் தோலுக்கு வருகிறது.

அடுத்த முறை அம்மாவுக்கு உடை மாற்றும்போது பாருங்கள். கொப்புளங்கள் முதுகெலும்பில் ஆரம்பித்து வலது பக்கமாகப் பட்டை போலச் சுற்றி வந்து, வயிற்றின் நடுக்கோட்டில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டிருக்கும். இடது பக்கம் சுத்தமாக இருக்கும். ஒரு நரம்பு முடிச்சு தோலில் எவ்வளவு இடத்தை ஆளுகிறதோ அந்த வரைபடத்தைத்தான் வைரஸ் உங்களுக்கு வரைந்து காட்டுகிறது. கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே அந்த இடத்தில் எரிச்சலோ குத்தலோ இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருந்திருக்கும், ஏனென்றால் தோலுக்கு வரும் முன்பே நரம்பு புண்ணாகிவிடுகிறது. புடவை உரசினால்கூட வலிக்கிறது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். சிலருக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த வலி நிற்கும். அப்படி நின்றால் சாதாரண வலி மாத்திரை போதாது, நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

அம்மையும் அக்கியும் ஒன்றுதான் என்பதை முதலில் சந்தேகப்பட்டது, அக்கி வந்தவர்கள் இருந்த வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்த மருத்துவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்டின் யானோஸ் போகாய் இதைச் சொன்னார். 1950களில் தாமஸ் வெல்லர் இரண்டு கொப்புளத்திலிருந்தும் வைரஸை எடுத்து வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். 1965இல் ஹோப் சிம்ப்சன் என்ற இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர், தன்னிடம் வருடக்கணக்காக வந்துபோன நோயாளிகளின் குறிப்புகளை வைத்தே, இது வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளே தூங்கியது விழிக்கிறது என்று எழுதினார். பொறுமையாகக் குறிப்பெழுதி வைத்த ஒரு குடும்ப மருத்துவர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு.

இப்போது மகன். எதிர்ப்பு சக்தி குறைவா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். இடையிடையே நன்றாக விளையாடி, நன்றாகச் சாப்பிட்டு, எடையும் கூடிக்கொண்டு வந்தால், அவனுடைய எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, அது இப்போதுதான் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. சின்னம்மை பெரும்பாலும் ஒரே தடவை வருகிறது, சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப? வகைகள் ஏராளம் என்பது ஒன்று. நேரம் இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நம் உடம்பின் ஞாபக செல்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு படை திரட்டச் சில நாள் ஆகும். சின்னம்மை, தட்டம்மை போன்றவை உடம்பில் நுழைந்து, ரத்தத்தில் சுற்றி, வெளியே தெரிய இரண்டு வாரம்போல ஆகிறது, அதற்குள் படை தயாராகி அடக்கிவிடும், நமக்கு வந்ததே தெரியாது. சளி வைரஸ் மூக்கில் நுழைந்து மூக்கிலேயே பெருகி ஒன்றிரண்டு நாளில் வேலையைக் காட்டிவிடுகிறது. படை வந்து சேருவதற்குள் மூக்கு ஒழுகிவிடும்.

மூக்கு ஒழுகுவது, காய்ச்சல், உடம்பு வலி, இவற்றில் பெரும்பகுதி வைரஸ் செய்வதும் இல்லை. பாதிக்கப்பட்ட செல் பக்கத்துச் செல்களை எச்சரிக்க இன்டர்ஃபெரான் என்ற பொருளை விடுகிறது. 1957இல் ஐசக்ஸும் லிண்டென்மனும் கண்டுபிடித்தது. பிற்காலத்தில் இதையே ஊசி மருந்தாக்கி ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்குப் போட்டபோது, ஊசி போட்ட அன்று ராத்திரி அவர்களுக்குக் குளிர், காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்ட மாதிரி வலி. அதாவது ஃபுளூ காய்ச்சலில் நாம் படும் பாடு அத்தனையும், ஃபுளூ வைரஸே இல்லாமல். மகன் உடம்பு சுடும்போது அவன் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைக்காதீர்கள், சண்டை போடுகிறது. அவன் சோர்ந்து அவதிப்பட்டால் எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் கொடுங்கள், அவனை ஆசுவாசப்படுத்தத்தான், தெர்மாமீட்டரில் எண்ணைக் குறைப்பதற்காக இல்லை. ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், ஃபுளூவிலும் சின்னம்மையிலும் அது ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வமான, ஆனால் கொடிய ஒரு பாதிப்பைக் கொண்டுவரக்கூடும். சின்னம்மை வந்துவிட்டால் ஐபுப்ரோஃபெனும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

உங்கள் தோழியின் குழந்தை ஆன்டிபயாடிக்கால் குணமாகியிருக்க வாய்ப்பு குறைவு. காய்ச்சலோடு வரும் சளியில் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நாளில் இறங்கிவிடும், மருந்து எந்த நாளில் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பேர் கிடைக்கும். சளி பச்சையாக, மஞ்சளாக மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது என்று பலரும் ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம், வைரஸ் சளியிலும் அது வரும். தேவையில்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை அழித்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், மிஞ்சிய பாக்டீரியாவுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும். நாளைக்கு அவனுக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால் அந்த மருந்து கைகொடுக்க வேண்டுமே.

வைரஸ் தொற்றின் மேல் பாக்டீரியா தொற்றிக்கொள்வதும் உண்டு, அதனால் எதையெல்லாம் பார்த்தால் காத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, எதையும் குடிக்க மறுப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, வலிப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், விட்டுப் போன காய்ச்சல் ஓரிரு நாள் கழித்துத் திரும்பி வந்தாலும் மறுபடி காட்டுங்கள். காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும்தான்.

"வைரஸ்" என்ற ஒரே சொல்லைச் சளிக்கும் சொல்கிறோம், வெறிநாய்க்கடிக்கும் சொல்கிறோம், எச்ஐவிக்கும் சொல்கிறோம், இதுவும் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஒரு வைரஸ் எந்தச் செல்லின் மேல் பிடித்து ஏற முடியுமோ, அந்தச் செல்தான் நோயைத் தீர்மானிக்கிறது. மூக்கின் உள்தோலைப் பிடித்தால் சளி. ஈரல் செல்லைப் பிடித்தால் மஞ்சள் காமாலை. எதிர்ப்பு சக்தியை நடத்தும் வெள்ளை அணுவையே பிடித்தால் எச்ஐவி. வெறிநாய்க்கடி வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு. அந்தத் தாமதத்தால்தான் கடித்த பிறகு போடும் தடுப்பூசியால்கூட உயிரைக் காப்பாற்ற முடிகிறது. அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. எனவே ஒரு வைரஸைப் பற்றிக் கேட்டது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். சளிக்கு வீட்டில் காத்திருக்கலாம், நாய்க்கடிக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நம்முடைய டிஎன்ஏவில் ஏறக்குறைய 8 சதவீதம் பழைய வைரஸ்களின் மிச்சம். எத்தனையோ லட்சம் வருடங்களுக்கு முன் நம் முன்னோர்களின் இனப்பெருக்க செல்லில் புகுந்து, வெளியேறாமல் அங்கேயே தங்கி, தலைமுறை தலைமுறையாக வந்தவை. பெரும்பாலானவை இன்றைக்குச் சும்மா கிடக்கின்றன. ஆனால் அதில் ஒன்று, தான் புகுவதற்காகச் செல்லோடு ஒட்டிக் கலக்கும் புரதத்தைச் செய்துகொண்டிருந்த மரபணு, இப்போது நஞ்சுக்கொடியில் வேலை செய்கிறது. தாயின் ரத்தத்துக்கும் குழந்தைக்கும் நடுவே இருக்கும் அடுக்கில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பரப்பாக வேண்டும், அதற்கு உதவுவது அந்தப் பழைய வைரஸ் புரதம். உங்கள் மகன் உங்கள் வயிற்றில் இருந்த மாதங்களில் அவனுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த முறை ஆறிய பிறகு அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, இரண்டு தவணை, அக்கி வந்துபோனவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அது மறுபடி வரக்கூடும். தளர்ந்துபோன அந்தக் காவலைத் திரும்ப நிமிர்த்துவதுதான் அந்த ஊசியின் வேலை. மகனுக்கும் சின்னம்மை தடுப்பூசியின் இரண்டு தவணையையும் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, எத்தனை நாள் பிரித்து வைப்பது. நாள் கணக்கு பார்க்காதீர்கள், கொப்புளத்தைப் பாருங்கள். அக்கி சின்னம்மை மாதிரி எளிதாகக் காற்றில் பரவுவதில்லை, கொப்புள நீர் படுவதால்தான் பெரும்பாலும் தொற்றும். அதனால் அம்மா அந்த இடத்தைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு, தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவி, துண்டையும் படுக்கை விரிப்பையும் தனியாக வைத்துக்கொண்டால், பகலில் அதே அறையில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்வதில் பயமில்லை. தூக்கத்தில் துணி விலகிவிடும், அவன் உருண்டு வந்து மேலே விழுவான், அதனால் ராத்திரி மட்டும் தனிப் படுக்கை. புதுக் கொப்புளம் வருவது நின்று, இருக்கிற எல்லாமே காய்ந்து பொருக்குத் தட்ட வழக்கமாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிவிட்டது என்று நீங்கள் வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொண்ட அன்று ராத்திரியே அவன் பாட்டி பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.